நெஞ்சுக்குள் இரண்டு ஜாயின்ட்

திருவானைக்காவல் நல்லுசாமி அடுத்தவர் வேலைக்குக் கையெழுத்துப் போடமாட்டார். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பாய்லர் ஆலையில் முப்பத்து நாலு வருஷமாக வெல்டர். அதில் இரண்டு முறை இன்ஸ்பெக்டர் நாற்காலி அவரைத் தேடி வந்தது. இரண்டு முறையும் வந்த வழியே திருப்பி அனுப்பினார். ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"என் ஜாயின்ட்டுக்கு நான் பொறுப்பு. அடுத்தவன் ஜாயின்ட்டுக்கு நான் எப்படிங்க கையெழுத்து போடுவேன்? உள்ளே அவன் என்ன பண்ணி வெச்சிருக்கானோ!"

இரண்டு குழாயைச் சேர்த்துப் பற்றவைக்கிற இடத்தைத்தான் அவர்கள் ஜாயின்ட் என்பார்கள். ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. பற்றவைத்து முடித்ததும் அந்த நம்பர் முத்திரையைப் பக்கத்தில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. நாளைக்கு ஒழுகினால் யார் தலை உருளும் என்று தெரிய வேண்டுமே, அதற்கு. நல்லுசாமியின் நம்பர் 217.

அப்புறம் சோதனை. குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, அது வாழ்நாளில் தாங்க வேண்டிய அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, அரைமணி நேரம் அப்படியே நிறுத்தி வைப்பார்கள். அந்த அரைமணி நேரமும் ஷெட்டில் ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டார்கள். இன்ஸ்பெக்டர் டோமினிக் கையில் சாக்பீஸோடு ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பார்த்துக்கொண்டு போவார். எங்கேயாவது ஒரு சொட்டு துளிர்த்தால் அதைச் சுற்றி வட்டம் போடுவார். 217 பக்கத்தில் இதுவரை அந்த சாக்பீஸ் போனதில்லை. இதை நல்லுசாமி சொன்னால் தற்பெருமை என்று விட்டுவிடலாம். டோமினிக்கே சொல்கிறார், அதுவும் கொஞ்சம் பொறாமையோடு.

ஆலையில் இது பெருமை. வீட்டில் இது தொல்லை. குழாய் ரிப்பேருக்கு ஆள் கூப்பிட விடமாட்டார். ஒழுகுகிற பைப்பைத் தானே பிரித்து, தானே வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றி, தானே முடுக்கி, தானே அரைமணி நேரம் எதிரில் உட்கார்ந்து பார்ப்பார். அதுவரை ஜோதி அடுப்பில் உலை வைக்க முடியாது. ஜோதி அவர் மனைவி, ஸ்ரீரங்கத்தில் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்காருகிறவர். நாள் முழுக்க ஊரோடு பேசுகிற வாய், வீட்டுக்கு வந்தால் மட்டும் ஓய்ந்துவிடுமா?

"என்னங்க, உங்க டெஸ்ட் முடியறதுக்குள்ள நான் தபால் ஆபீஸ்லேர்ந்து ரிட்டயர் ஆயிடுவேன் போலிருக்கே!"

இப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் சட்டைக் காலரில்தான் சனி பிடித்தது.

வெல்டர்கள் சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொள்வார்கள். நாகரிகத்துக்காக இல்லை. தீப்பொறி கழுத்துக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்பது விழுந்தவனுக்குத்தான் தெரியும். புதுச் சட்டை தைத்து வந்து, காலையில் போட்டுப் பார்த்தால் மேல் பட்டன் மாட்டவில்லை. இழுத்து மாட்டினால் கண் பிதுங்குகிறது. அம்மா மண்டபம் ரோட்டில் கடை வைத்திருக்கும் நஸ்ருல்லா பாய்தான் இருபது வருஷமாக அவருக்குத் தைக்கிறவர். சாயங்காலம் ஆலை பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அங்கே போனார்.

"பாய், உங்க டேப்பு சுருங்கிடுச்சா, இல்ல கண்ணாடி மாத்தணுமா?"

நஸ்ருல்லா பாய் நோட்டைப் புரட்டினார். கழுத்து பதினைந்தரை. டேப்பை எடுத்துக் கழுத்தில் சுற்றினார். பதினைந்தரை. அங்கேயே பட்டனை மாட்டிக் காட்டினார். அலுங்காமல் மாட்டியது. நல்லுசாமிக்கு மூக்கு உடைந்தது.

மறுநாள் காலை மறுபடி மாட்டவில்லை. மனுஷன் விடுவாரா? ஷிப்டுக்குப் போகும் வழியில், பாய் கடையைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருக்கும்போதே போய் நின்றார். பாய் அளந்தார். பதினாறரை. இன்னொரு முறை அளந்தார். அதே பதினாறரைதான்.

டேப்பை மேஜையில் வைத்துவிட்டு பாய் அவரை நிமிர்ந்து பார்த்தார். "சார், நான் முப்பது வருஷமா கழுத்து அளக்கறேன். வருஷத்துக்கு ஒரு தரம் ஏறும், இறங்கும். காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு மாறுற கழுத்தை நான் பார்த்ததே இல்ல. கோளாறு துணியில இல்ல சார். நீங்க டாக்டர்கிட்ட போங்க."

இதை அவர் வீட்டில் சொல்லியிருக்கவே மாட்டார். ஆனால் அன்று சாயங்காலம் பாயே தபால் ஆபீஸுக்குப் போய், வரிசையில் நின்று, கவுன்டரில் ஜோதியிடம் சொல்லிவிட்டார். ஜோதிக்கு உடனே எல்லாம் ஒன்று சேர்ந்தது. ஒரு மாதமாக இவர் முகம் காலையில் உப்பிக் கிடக்கிறது, ஊரார் பூரிப்பு என்கிறார்கள். செருப்பு மாட்டக் குனிந்தால் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிடுகிறது. அடுக்களைக் குழாய் இரண்டு வாரமாகச் சொட்டுகிறது, அடியில் வாளி வைத்திருக்கிறது, இவர் தொடவில்லை! குனிய முடியாமல்தான் தொடவில்லை என்பது அப்போதுதான் ஜோதிக்கு உறைத்தது.

ஸ்கேன், அது தெளிவாக இல்லை என்று இன்னொரு ஸ்கேன், கழுத்து வழியாகக் கம்பி போல ஒன்றை விட்டுத் துளி சதை எடுத்து ஒரு பரிசோதனை. எல்லாம் முடிந்து, தில்லைநகரில் ஒரு ஆஸ்பத்திரியில், இதயமும் நெஞ்சும் அறுவை செய்யும் டாக்டர் மைதிலியின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். நாற்பத்தைந்து வயது, சின்ன உருவம், வேகமான பேச்சு. ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதியில் வீடு, சாயங்காலம் அங்கேயே கிளினிக்.

டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்தார். "தலையிலேர்ந்தும் ரெண்டு கையிலேர்ந்தும் ரத்தம் திரும்ப இதயத்துக்கு இந்தப் பெரிய குழாய் வழியாத்தான் வரணும். உங்களுக்கு அந்தக் குழாய்க்குள்ள கட்டி. முக்கால்வாசி அடைச்சிருக்கு. படுத்து எழுந்தா கழுத்து வீங்கும். நாள் பூரா நின்னு நடந்தா வடியும்."

"ரிட்டர்ன் லைன்ல அடைப்பு," என்றார் நல்லுசாமி.

"அதேதான். வெளியிலேர்ந்து கட்டி வந்து இந்தக் குழாயை நசுக்கறது நாங்க அடிக்கடி பார்க்கறது. ஆனா குழாயோட சுவர்லேர்ந்தே முளைச்சு உள்ளேயே வளர்றது ரொம்ப அபூர்வம். நல்ல கட்டி இல்லை. மெதுவா வளர்ற ஜாதி, வேற எங்கேயும் பரவலை, அதுவரைக்கும் அதிர்ஷ்டம். விட்டா முழுசா அடைக்கும். இல்லேன்னா துண்டு உடைஞ்சு நுரையீரலுக்குப் போகும். ரெண்டு வாரத்துக்குள்ள எடுத்துடணும்."

"எப்படி எடுப்பீங்க?"

"நெஞ்செலும்பைத் திறந்து, முதல்ல ரத்தம் போக ஒரு மாற்று வழி வெச்சுட்டு..."

"பைபாஸ் லைன்."

"ஆமா. அப்புறம் மேலயும் கீழயும் கிளாம்ப் போட்டு..."

"ஐசொலேட் பண்ணி, தனியாப் பிரிச்சு."

"கட்டியோட குழாயை வெட்டி எடுத்துட்டு, செயற்கைக் குழாய் ஒண்ணை வெச்சுத் தைக்கணும். மேல ஒரு தையல், கீழ ஒரு தையல்."

"ரெண்டு ஜாயின்ட்," என்றார் நல்லுசாமி. ஆலையில் ட்யூப் மாற்றுகிற வேலை அச்சு அசலாக இதேதான். அவருக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த கணம், அந்த பாய்லர் தான்தான் என்பது ஞாபகம் வந்தது.

"எத்தனை பண்ணியிருக்கீங்க டாக்டர்?"

"இந்தக் குழாயை நாலு தடவை மாத்தியிருக்கேன். நாலுமே வெளியிலேர்ந்து அழுத்தின கட்டி. உள்ளே முளைச்சதுக்கு நீங்கதான் எனக்கு முதல் ஆள். வேணும்னா சென்னைக்கு எழுதித் தரேன். அங்கேயும் இதை எண்ணி ஒண்ணு ரெண்டுதான் பார்த்திருப்பாங்க."

நல்லுசாமி தலையாட்டினார். டாக்டர் ஒப்புதல் படிவத்தை நகர்த்தினார். இங்கேதான் வண்டி நின்றது.

"இதுல என்னன்னு கையெழுத்து போடணும்?"

"ஆபத்து எல்லாம் சொல்லியாச்சு, ஆபரேஷனுக்குச் சம்மதம்னு."

"டெஸ்ட் பார்க்காம கையெழுத்து போட முடியாதுங்களே."

டாக்டருக்குப் புரியவில்லை. ஜோதிக்கு நன்றாகப் புரிந்தது. தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "வேலை முடியும், தண்ணி ஏத்துவாங்க, அரைமணி நேரம் பார்ப்பாங்க, அப்புறம்தாங்க கையெழுத்து. எங்க பக்கம் அதுதான் முறை. வேலையே ஆரம்பிக்காம எதை நம்பிப் போடறது?" என்று நல்லுசாமி மிகவும் மரியாதையாகச் சொல்லி, படிவத்தை அதே மரியாதையோடு திருப்பி நகர்த்திவிட்டார். ஜோதி கெஞ்சினார், அதட்டினார். தலைகீழாக நின்று பார்த்தார். மனுஷன் அசையவில்லை.

வீடு திரும்பும் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறி, பாதியில் நெரிசலில் நின்றுவிட்டது. ஆற்றைப் பார்த்தபடியே நல்லுசாமி சொன்னார்: "பயமா இருக்கு ஜோதி."

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் இந்த வார்த்தையை அவர் சொல்லி ஜோதி கேட்டதில்லை. வாயில் தயாராக வைத்திருந்த திட்டெல்லாம் எங்கே போனதோ. அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் தூங்கிட்டிருப்பேன். உள்ளே யாரோ ஜாயின்ட் போடுவாங்க. சரியா இருக்கான்னு நான் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. நாளைக்கு ஒழுகினா..."

"நான் ஒண்ணு கேட்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க போட்ட ஜாயின்ட்டை நம்பி எந்த ஊர்லயோ எவனோ பாய்லர் பக்கத்துல நின்னு வேலை பார்க்கறான். அவன் உங்களைப் பார்த்தானா? நீங்க கறுப்பா சிவப்பான்னு அவனுக்குத் தெரியுமா?"

"டெஸ்ட் பண்ணித்தானே அனுப்பறோம்."

"அப்ப அந்தம்மாவையும் டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்களேன்!"

ஜோதி எரிச்சலில் சொன்னது இது. நல்லுசாமியோ சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆலையில் புதுமாதிரி வேலை வந்தால் நேரே கை வைக்கமாட்டார்கள். முதலில் ஒரு துண்டுக் குழாயில் அதே ஜாயின்ட்டைப் போட்டு, தண்ணீர் ஏற்றிப் பார்ப்பார்கள். மாக்-அப் என்று பெயர். இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று தன்னையே நொந்துகொண்டார். அவசரக்காரர் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. திருவானைக்காவலில் இறங்காமல் ஸ்ரீரங்கம்வரை டிக்கெட் எடுத்து, இரண்டு பேருமாக உத்தர வீதி கிளினிக்கில் போய், கடைசி நோயாளி போகும்வரை காத்திருந்தார்கள்.

வேறு டாக்டராக இருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பார். தப்பும் சொல்ல முடியாது. டாக்டர் மைதிலி முழுக்கக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவால் மேஜையைத் தட்டினார். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்து, மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்திருந்த துண்டு ஒன்றை எடுத்து வந்தார். வெள்ளைக் குழாய். சுற்றிலும் நசுங்காமலிருக்க வளையம் வளையமாக.

நல்லுசாமி வாங்கி விரலால் நெருடினார். முகர்ந்தார். "இது... டெஃப்லான் மாதிரி இருக்கே?"

"மாதிரி என்ன, அதேதான். அதே சரக்குலதான் செய்யறாங்க."

"நம்ம குழாய்க்குச் சுத்துற டேப்பு! ஜோதி, பார்த்தியா?"

"ஆமா, அடுக்களைக் குழாய்க்கு இல்லாத யோகம்," என்றார் ஜோதி.

டாக்டர் துண்டை நடுவில் வெட்டி இரண்டாக்கினார். வளைந்த சின்ன ஊசி, தலைமயிரைவிட மெல்லிய நூல். தைக்க ஆரம்பித்தார். நல்லுசாமி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வெல்டரின் கையை எடைபோட அவருக்கு இரண்டு நிமிஷம் போதும். தையலுக்கும் தையலுக்கும் இடைவெளி ஒரே அளவு. இழுக்கிற இழுப்பு ஒரே இழுப்பு. மேஜையில் போன் மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. டாக்டர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. உள்ளே குக்கர் விசில் அடித்தது, யாரோ அணைத்தார்கள். நல்லுசாமி மூச்சு விடுகிறாரா என்று ஜோதி ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

முடிச்சுப் போட்டு, நூலை வெட்டி, வாஷ்பேசினுக்கு எடுத்துப் போனார்கள். ஒரு முனையில் கிளிப். மறு முனையில் பெரிய சிரிஞ்சில் தண்ணீர்.

"ஒன்றரை மடங்கு டாக்டர்," என்று ஞாபகப்படுத்தினார் நல்லுசாமி.

"மூணு மடங்கே ஏத்தறேன், போதுமா?"

அழுத்தினார். டாக்டரும் ஜோதியும் குனிந்து பார்த்தார்கள். நல்லுசாமி மட்டும் குனிய முடியாமல் எட்டிப் பார்த்தார். பத்து விநாடி ஒன்றுமில்லை. பிறகு தையல் வரிசையில் ஓரிடத்தில் பொட்டு மாதிரி ஒரு சொட்டு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அடிப்பக்கம் மூன்றாவது.

ஜோதி தலையில் கை வைத்துக்கொண்டார். போச்சு! இனிமேல் இந்த மனுஷன் சாமியே வந்து சொன்னாலும் படுக்கமாட்டார்.

ஆனால் நல்லுசாமி வாயைத் திறப்பதற்குள் டாக்டர் கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். முதல் சொட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். இரண்டாவதைச் சுற்றி ஒன்று. குழாயைத் திருப்பி, நல்லுசாமி பார்க்காத அந்த மூன்றாவதையும் காட்டி, அதற்கும் வட்டம்.

"இது ஊசி போன ஓட்டை. இந்தச் சரக்குல ஊசி போன இடம் தானா மூடாது. உங்க நெஞ்சுலயும் இதே மாதிரி கசியும். பத்து நிமிஷம், கால்மணி நேரம். ரத்தம்னா தானே உறைஞ்சு அடைச்சுக்கும், தண்ணின்னா அடைக்காது. நிக்கறவரைக்கும் நான் அங்கேயே நின்னு பார்த்துட்டிருப்பேன். கசியவே கசியாதுன்னு நான் சொல்லமாட்டேன்."

நல்லுசாமி அந்த மூன்று வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நல்ல பெயர் எடுத்த ஒரு வெல்டர், துளி ஓட்டையைச் சுத்தியலால் தட்டி மூடி, மேலே கிரீஸைத் தடவி டெஸ்ட் தாண்டியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பிறகுதான் அடுத்தவன் ஜாயின்ட் என்றாலே அவருக்குக் கை கூசும். தன் ஒழுகலுக்குத் தானே வட்டம் போடுகிற ஆளை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

"அந்த ஃபாரத்தைக் கொடுங்க டாக்டர்."

டாக்டர் கைப்பையோடு கொண்டுவந்திருந்த படிவத்தை எடுத்துக் கொடுத்தார். பேனாவை வாங்கி, போடுவதற்கு முன்னால் நல்லுசாமி ஒரு நிபந்தனை வைத்தார். "இது வேலை தொடங்கறதுக்குப் பெர்மிட். அவ்வளவுதான். டெஸ்ட் முடிஞ்சு போடற கையெழுத்து வேற. அதை நான் அப்புறமாத்தான் போடுவேன்."

"நீங்க வந்து போடணும்னுதானே நானும் பாடுபடறேன்," என்றார் டாக்டர் மைதிலி.

ஆபரேஷன் ஆறு மணி நேரம். அதைப் பற்றி நல்லுசாமிக்கு ஒன்றும் தெரியாது, அது அவருக்கு இன்றுவரை ஒரு குறை. ஜோதிக்குத்தான் தெரியும். வராந்தா பெஞ்சில் அவர் ஒரு பக்கம், லீவு போட்டுவிட்டு வந்த டோமினிக் ஒரு பக்கம், கடையைப் பூட்டிவிட்டு வந்த நஸ்ருல்லா பாய் நடுவில். மூன்று பேரும் ஷெட்டில் டெஸ்ட் நடப்பது போல வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது மணி நேரத்தில் டோமினிக் தன்னையறியாமல் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். ஜோதி அதைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

மறுநாள் காலை கண் விழித்தபோது நல்லுசாமியின் வாயில் குழாய். பேச முடியாது. நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை ஏற்றி வைத்த பாரம். நர்ஸ் மெஹ்ரீன் குனிந்து, "என்ன சார் வேணும்? தண்ணியா? வலிக்குதா?" என்று கேட்டார். அவர் விரலால் காற்றில் வட்டம் போட்டார். மறுபடி வட்டம். மெஹ்ரீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, தலை சுற்றுகிறதோ என்று பயந்து டாக்டரைக் கூப்பிட்டார்.

டாக்டர் மைதிலி வந்து பார்த்ததும் சிரித்துவிட்டார். "பன்னிரண்டு நிமிஷம். மேல ஜாயின்ட்ல ரெண்டு, கீழ ஒண்ணு. நின்னுடுச்சு. நான் நின்னு பார்த்தேன்."

நல்லுசாமி கண்ணை மூடித் தூங்கிப்போனார்.

இவ்வளவு நல்லவராக இருந்தவர், ஆறாவது நாள் புத்தியைக் காட்டினார். வார்டுக்கு மாற்றியாகிவிட்டது. கழுத்து பதினைந்தரை, பாயே டேப்போடு வந்து அளந்துவிட்டுப் போனார். கட்டியின் ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது, முழுக்க வந்துவிட்டது என்று பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. ஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சமயபுரத்துக்கு வேண்டுதல் வைத்தாயிற்று. ஆனால் நல்லுசாமிக்கு ஒரு உறுத்தல். வேலை முடிந்தது சரி. ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்க்கவில்லையே?

ஜோதி இட்லி வாங்கக் கீழே போன நேரம் பார்த்துக் கட்டில் ஓரத்துக்கு நகர்ந்தார். எலும்பு கூடுகிறவரை குனியாதே, பளு தூக்காதே என்று நாளுக்கு மூன்று வேளை மருந்து மாதிரி சொல்லியிருக்கிறார்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு, தலையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, முகத்துக்கு ரத்தம் ஏறுகிறதா என்று எதிரில் இருந்த எவர்சில்வர் டம்ளரில் பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரை கொடுக்க வந்த மெஹ்ரீன் போட்ட கூச்சலில் வார்டே எழுந்துவிட்டது.

"அல்லாவே! சார் விழுந்துட்டாரு! யாராவது வாங்களேன்!"

"விழலைம்மா, விழலை. டெஸ்ட். இன்னும் இருபது நிமிஷம்தான்."

நாலு பேர் சேர்ந்து தூக்கிப் படுக்க வைத்தார்கள். திறந்த நெஞ்செலும்பைச் சேர்த்துக் கட்டியிருந்த கம்பி பிழைத்தது அவர் செய்த புண்ணியம். அன்று டாக்டர் மைதிலியிடம் வாங்கிய திட்டு முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் எந்த ஃபோர்மேனிடமும் அவர் வாங்காதது.

"டெஸ்ட் நான் பண்ணுவேன். மூணு மாசம் கழிச்சு, ஸ்கேன்ல. அதுவரைக்கும் இந்த லைன் என் பொறுப்பு. நடுவுல நீங்க கை வெச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்!"

நல்லுசாமி சின்னப்பிள்ளை மாதிரி தலையாட்டினார். உண்மையைச் சொன்னால், திட்டு அவருக்குப் பிடித்திருந்தது. பொறுப்புள்ள ஆள்தான் இப்படித் திட்டும்.

மூன்று மாதம் வீட்டில். அடுக்களைக் குழாய் சொட்டிச் சொட்டி மாற்றுவாளி வைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஜோதி கேட்கவே இல்லை. சகாயநாதன் என்ற பிளம்பரைக் கூட்டி வந்து நிறுத்தினார். நல்லுசாமி தடுக்கவில்லை, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். டேப்பை இந்தப் பக்கம் சுற்று, இன்னும் ரெண்டு சுற்று, முடுக்காதே முடுக்காதே, இப்போ முடுக்கு. பாவம் சகாயநாதன், ஒரு குழாய் மாட்டுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. "அம்மா, அடுத்த தடவை சார் வெளியூர் போறப்ப கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்கேன் எடுக்கும் நாள் வந்தது. நல்லுசாமி பாய் தைத்த அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டார், மேல் பட்டன்வரை. பஸ் ஏறினார்கள். கட்டி மறுபடி தலைகாட்டியிருந்தால்? புதுக்குழாய் உள்ளே அடைத்துக்கொண்டிருந்தால்? இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான்.

டாக்டர் திரையில் படத்தை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். முழுசாக ஐந்து நிமிஷம். பிறகு திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"இதுதான் மேல ஜாயின்ட். இது கீழ ஜாயின்ட். ரத்தம் தங்குதடையில்லாம போகுது. அடைப்பில்ல, கசிவில்ல, புதுசா எதுவும் முளைக்கல. இன்னும் சில வருஷம் அப்பப்ப ஸ்கேன் பார்த்துட்டே இருக்கணும். இன்னைக்கு எல்லாம் சுத்தம்."

ஜோதி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். நாள் பூராவும் ஓயாத வாய்க்கு அன்றைக்குத்தான் அடைப்பு.

நல்லுசாமி எழுந்தார். "குனியலாமா டாக்டர்?"

"குனிங்க."

மெதுவாகக் குனிந்து தரையைத் தொட்டார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது முகம் எப்போதும்போல் மாநிறமாகவே இருந்தது. அப்புறம் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார். ஆலையில் டெஸ்ட் முடிந்து நிரப்புகிற தாள் மாதிரியே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். ஜாயின்ட் ஒன்று, மேல். ஜாயின்ட் இரண்டு, கீழ். கசிவு: இல்லை. பக்கத்தில் போட்டவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம். கடைசியில், பார்த்து ஏற்றுக்கொண்டவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம்.

"எங்க ஆளுங்க ஜாயின்ட் பக்கத்துல நம்பர் குத்துவோம். உங்களுக்கு அந்த வசதி இல்லை. அதான்."

டாக்டர் மைதிலி அதை இரண்டு தடவை படித்தார். சிரிப்பார் என்று ஜோதி நினைத்தார். சிரிக்கவில்லை. தன் கட்டத்தில் முழுப்பெயரை நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு பேனாவை நீட்டியபடி கேட்டார்:

"அடுத்தவங்க ஜாயின்ட்டுக்கு நீங்க கையெழுத்து போடமாட்டீங்கன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்களே?"

நல்லுசாமி பேனாவை வாங்கிக்கொண்டு, இடது கையால் நெஞ்சுத் தழும்பைச் சட்டையோடு ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். "அடுத்தவங்க ஜாயின்ட்டா? இது என்னோடதுங்க டாக்டர்," என்றார்.

கையெழுத்துப் போட்டார். கீழே தேதியும் போட்டார். கை கூசவில்லை.